கொடி ஒருவருடையது, அதிகாரம் மற்றொருவருடையது
அந்தமான் நிக்கோபார் தீவுகளில் நிகழ்ந்த இணையாட்சியின் வரலாறும் இன்றைய படிப்பினையும்

(கட்சிக் கல்வி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

1943 டிசம்பர் 30 அன்று போர்ட் பிளேரின் ஜிம்கானா திடலில் மூவண்ணக் கொடி ஏறியது. ஏற்றியவர் ஆசாத் ஹிந்த் தற்காலிக அரசின் தலைவர் சுபாஷ் சந்திர போஸ். பிரிட்டிஷ் பிடியிலிருந்து விடுபட்ட முதல் இந்திய மண் என்று அத்தீவுகள் போற்றப்பட்டன. அந்தமானுக்கு ஷஹீத் என்றும் நிக்கோபாருக்கு ஸ்வராஜ் என்றும் புதுப்பெயர்கள் சூட்டப்பட்டன. அதே நாளில், திடலிலிருந்து சற்றுத் தொலைவில் உள்ள செல்லுலர் சிறையில், இந்திய சுதந்திர லீக்கின் உள்ளூர்த் தலைவரான மருத்துவர் திவான் சிங் ஜப்பானியக் காவலில் வதைபட்டுக் கொண்டிருந்தார்.

கொடி இந்தியாவினுடையது, சிறையின் சாவியோ ஜப்பானியக் கடற்படையிடம் இருந்தது. ஒரே நிலத்தில், ஒரே நாளில் இவ்விரண்டும் எவ்வாறு இயன்றன என்பதை விளங்கிக்கொள்வதே இன்றைய பாடத்தின் நோக்கம். இது பழங்கதை அன்று. பெயர் யாருக்கு, அதிகாரம் யாருக்கு என்ற கேள்வி இன்றும் அத்தீவுகளில் தீராமல் நிற்கிறது.

இணையாட்சி என்னும் ஏற்பாடு

இரண்டு அரசுகள் ஒரே நிலப்பரப்பின்மீது ஒரே காலத்தில் இறைமை கொண்டாடும் ஏற்பாட்டை இணையாட்சி எனலாம். மாநிலங்கள் இணைந்து அமையும் கூட்டாட்சி வேறு. 1919ஆம் ஆண்டுச் சட்டம் மாகாணங்களில் புகுத்திய இரட்டை ஆட்சி வேறு. இணையாட்சியில் இரு எசமானர்கள் உண்டு. ஆளப்படும் மக்களுக்கு அதில் பங்கில்லை.

உலக வரலாற்றில் இதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் பெயர்பெற்றவை. முதலாவது, 1899இல் தொடங்கிய ஆங்கிலோ-எகிப்திய சூடான். பிரிட்டிஷ் கொடியும் எகிப்தியக் கொடியும் அங்கு அருகருகே பறந்தன. ஆனால் தலைமை ஆளுநர் பிரிட்டிஷார், முடிவுகள் பிரிட்டனுடையவை. எகிப்து பெயரளவுக் கூட்டாளியாகவே இருந்தது.

இரண்டாவது, பசிபிக் பெருங்கடலின் நியூ ஹெப்ரிடீஸ் தீவுகள். 1906இல் பிரிட்டனும் பிரான்சும் அதனைக் கூட்டாக ஆள உடன்பட்டன. இரு நாட்டுக்கும் தனித்தனி ஆணையர்கள், தனித்தனிக் காவல்படைகள், தனித்தனிச் சிறைகள், தனித்தனிப் பள்ளிகள் இருந்தன. கூட்டு நீதிமன்றம் ஒன்று அமைக்கப்பட்டது. அதன் தலைவரை நியமிக்கும் உரிமை எங்கோ இருந்த ஸ்பெயின் மன்னருக்கு வழங்கப்பட்டது. பிரிட்டிஷார் பிரிட்டிஷ் சட்டத்தின் கீழும் பிரெஞ்சுக்காரர் பிரெஞ்சுச் சட்டத்தின் கீழும் வாழ்ந்தனர். மண்ணின் மைந்தர்களான மெலனீசியர்கள் இரு நாட்டிலும் குடிமக்கள் ஆகவில்லை. சொந்தத் தீவிலேயே நாடற்றவர்களாக அவர்கள் பல பத்தாண்டுகள் வாழ்ந்தனர்.

சூடானில் ஒரு கூட்டாளி பெயரளவில் மட்டுமே இருந்தார். நியூ ஹெப்ரிடீசில் இரு கூட்டாளிகளும் உண்மையில் இருந்தனர். அந்தமானில் 1943இல் உருவானது சூடான் வகையைச் சேர்ந்தது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இங்கே பெயரளவுக் கூட்டாளியாக ஆக்கப்பட்டது, அடிமைப்பட்ட ஒரு தேசத்தின் விடுதலை இயக்கம்.

கைமாறிய தீவுகள்

முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி மாநக்கவாரம் என்று குறிப்பிடுவது நிக்கோபாரையே என்பர் அறிஞர். ஐரோப்பிய வணிகர் வந்தபோதும் அத்தீவுகளின் கதை தமிழகக் கரையிலிருந்தே தொடங்கியது. தரங்கம்பாடியிலிருந்து சென்ற டேனியர்கள் 1756இல் நிக்கோபாரைத் தமதென அறிவித்தனர். மலேரியா அவர்களைத் திரும்பத் திரும்பத் துரத்தியது. அவர்கள் விலகியிருந்த வேளையில், 1778இல் ஆஸ்திரியக் கப்பல் ஒன்று வந்து அதே தீவுகளுக்குப் புது உரிமை கோரியது. ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரசாவின் நினைவாகத் தெரெசா என்னும் தீவுப்பெயர் இன்றும் நிலைத்துள்ளது. சில ஆண்டுகள், ஒரே தீவுக்கூட்டத்துக்கு இரண்டு ஐரோப்பிய உரிமையாளர்கள் இருந்தனர். அங்கே தென்னையும் தாழையும் வளர்த்து வாழ்ந்த நிக்கோபாரியரை எவரும் கேட்கவில்லை. 1845இல் தரங்கம்பாடியைப் பிரிட்டிஷாருக்கு விற்ற டென்மார்க், 1868இல் நிக்கோபாரையும் விற்றது.

அந்தமானில் 1858 மார்ச்சில் 200 கைதிகளுடன் தண்டனைக் குடியேற்றம் தொடங்கியது. 1857 எழுச்சியின் வீரர்களே அதன் முதல் கைதிகள். காடுகள் வெட்டப்பட்டபோது பெரும் அந்தமானியப் பழங்குடிகள் எதிர்த்தனர். 1859 மே 17 அன்று அபர்டீனில் வில்லும் அம்பும் கொண்டு அவர்கள் பிரிட்டிஷ் படையோடு மோதினர். தப்பிச்சென்று அவர்களோடு வாழ்ந்த தூத்நாத் திவாரி என்னும் கைதி முன்கூட்டியே செய்தி சொன்னதால் அத்தாக்குதல் முறியடிக்கப்பட்டது. அப்போது சில ஆயிரங்களாக இருந்த அம்மக்கள், அம்மையிலும் மேகநோயிலும் அழிந்து, 1901 கணக்கெடுப்பில் 625 ஆகவும் 1961இல் வெறும் 19 ஆகவும் குறைந்தனர். காலனியாட்சிக்கு அத்தீவு ஒரு சிறை. பழங்குடிகளுக்கோ அந்த ஆட்சியே பேரழிவு.

1896இல் தொடங்கி 1906இல் முடிந்த செல்லுலர் சிறை, ஏழு சிறகுகளும் ஏறத்தாழ 700 தனி அறைகளும் கொண்டது. 1933 மே மாத உண்ணாநிலைப் போரில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மைத்ரா ஆகிய மூவர் வலுக்கட்டாயமாக உணவு புகட்டப்பட்டு உயிர்நீத்தனர். அத்தியாகத்தால் கிடைத்த புத்தக உரிமையே சிறையைப் பள்ளியாக மாற்றியது. 1935இல் கம்யூனிஸ்ட் ஒருங்கிணைப்புக் குழு அங்கே அமைந்தது. ஹரேகிருஷ்ண கோனார், கணேஷ் கோஷ், சிவ வர்மா போன்றோர் அச்சிறையிலிருந்து பொதுவுடைமையராக வெளிவந்தனர். 1937 ஜூலையில் மீண்டும் உண்ணாநிலை தொடங்கியது. நாடெங்கும் கிளர்ச்சி எழுந்தது. 1938 ஜனவரிக்குள் அரசியல் கைதிகள் தாயகச் சிறைகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

இந்த வெற்றிக்கு ஒரு பின்விளைவு இருந்தது. நான்கு ஆண்டுகளில் ஜப்பானியர் வந்தபோது, அடக்குமுறையை எதிர்த்துப் பழகிய, அமைப்பாகத் திரண்ட அந்த அரசியல் படை தீவில் இல்லை. எஞ்சியிருந்தவர்கள் விடுதலையான கைதிகள், அவர்தம் சந்ததியர், சிறு அலுவலர்கள், கடைக்காரர்கள், பழங்குடிகள் ஆகியோரே.

ஜப்பானியக் கடற்படையின் வருகை

1942 மார்ச்சில் பிரிட்டிஷ் காவற்படை பெரும்பாலும் விலகிச் சென்றது. மார்ச் 23 அன்று ஜப்பானியர் எதிர்ப்பின்றிக் கரையிறங்கினர். சிறைக்கதவுகள் திறக்கப்பட்டன. ஆசியா ஆசியருக்கே என்ற முழக்கத்தை நம்பி மக்களில் பலர் வரவேற்றனர். அந்த நம்பிக்கை சில நாள்கூட நீடிக்கவில்லை. வீடு புகுந்த சிப்பாய்களை விரட்டக் காற்றுத் துப்பாக்கியால் சுட்ட சுல்ஃபிகர் அலி என்ற இளைஞர், ஊரார் முன்னிலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒற்றர் என்ற ஐயமே போதுமான குற்றமாயிற்று. நேசநாடுகளின் குண்டுவீச்சு ஒவ்வொன்றுக்கும், உள்ளே இருந்து யாரோ தகவல் தருகிறார் என்று கடற்படை முடிவு கட்டியது. சித்திரவதையால் பெறப்பட்ட வாக்குமூலங்கள் அடுத்த கைதுகளுக்கு ஆதாரமாயின. விமானத்தளம் அமைக்க மக்கள் கட்டாய உழைப்பில் தள்ளப்பட்டனர். வெளியிலிருந்து அரிசி வருவது தடைப்பட, பசி பரவியது. பெண்கள் படைவீரர்களின் பாலியல் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டனர்.

ஒப்படைப்பு என்னும் நாடகம்

1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரில் ஆசாத் ஹிந்த் தற்காலிக அரசு நிறுவப்பட்டது. நாடு கடந்த அரசு உலகின் முன் அரசாக நிற்க வேண்டுமெனில் அதற்குச் சொந்த நிலம் வேண்டும். போஸ் இதனை நன்கு உணர்ந்திருந்தார். ஜப்பானுக்கும் ஒரு தேவை இருந்தது. தான் விடுவிக்க வந்த நாடு என்று ஆசிய மக்களிடம் காட்ட அதற்குச் சான்று வேண்டியிருந்தது. நவம்பரில் டோக்கியோவில் கூடிய மாபெரும் கிழக்காசிய மாநாட்டில், அந்தமான் நிக்கோபார் தீவுகள் தற்காலிக அரசிடம் ஒப்படைக்கப்படும் எனப் பிரதமர் டோஜோ அறிவித்தார்.

அறிவிப்புக்கும் ஆட்சிக்கும் இடையே கடற்படை நின்றது. போர்த்தந்திர முக்கியத்துவம் வாய்ந்த தீவுகள் என்பதால் போர் முடியும்வரை முழு ஒப்படைப்பு இயலாது என்பது அதன் நிலைப்பாடு. டிசம்பர் இறுதியில் போஸ் வந்து தங்கிய மூன்று நாள்களும் அவர் ஜப்பானிய அதிகாரிகளின் சூழலுக்குள்ளேயே வைக்கப்பட்டார். செல்லுலர் சிறை அவருக்குக் காட்டப்பட்டது. உள்ளே வதைபட்ட இந்தியர்கள் இருந்த பகுதி காட்டப்படவில்லை. மக்களின் முறையீடு அவர் செவிக்கு எட்டவில்லை.

1944 பிப்ரவரியில் தலைமை ஆணையராகப் போர்ட் பிளேர் வந்தவர் ஏ.டி. லோகநாதன். சென்னையைச் சேர்ந்த தமிழர், மருத்துவர், இந்திய தேசிய ராணுவத்தின் மூத்த அதிகாரி. அவரிடம் நிர்வாகம் முழுவதும் வந்து சேரும் என்பதே எதிர்பார்ப்பு. ஜப்பானியர் தர முன்வந்தவற்றுள் காவல் துறை இல்லை. காவல் துறை இல்லாத நிர்வாகம் நிர்வாகமே அன்று என்பதில் லோகநாதன் உறுதியாக நின்றார். அது கிடைக்காதவரை மற்றத் துறைகளை ஏற்க அவர் மறுத்தார். இறுதியில் அவர் கைக்கு வந்தது கல்வித் துறை மட்டுமே. மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கைகளைக்கூட ஜப்பானியர் பார்வைக்கு வைக்க வேண்டிய நிலை இருந்தது. உடல்நலம் குன்றி அவ்வாண்டே அவர் தீவைவிட்டு நீங்கினார்.

அரசு என்பதன் உட்பொருளை இதைவிடத் தெளிவாக விளக்கும் நிகழ்ச்சி அரிது. அரசின் உயிர்நிலை கொடியிலும் பட்டத்திலும் இல்லை. கைது செய்யவும் விடுவிக்கவும் வல்ல படையிலும் சிறையிலும் இருக்கிறது. லெனின் வலியுறுத்திய இவ்வுண்மையை, பொதுவுடைமையர் அல்லாத அந்த மருத்துவர் தம் அனுபவத்தால் கண்டறிந்தார். பள்ளிக்கூடங்களை வைத்துக்கொண்டு காவல் நிலையத்தை விட்டுக்கொடுப்பது ஆட்சியாகாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

கொடியின் நிழலில் சிந்திய குருதி

இறைமை மாறிவிட்டதாகச் சொல்லப்பட்ட பின்னர் நடந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும். பஞ்சாபிக் கவிஞருமான திவான் சிங் 1944 ஜனவரி 14 அன்று சிறையிலேயே உயிர்நீத்தார். போஸ் புறப்பட்டு இரண்டு வாரம்கூட நிறைவடைந்திருக்கவில்லை எனலாம். ஜனவரி 30 அன்று ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேர் சுட்டுக் கொல்லப்பட்டு ஒரே குழியில் புதைக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் இந்திய சுதந்திர லீக்கைச் சேர்ந்தவர்கள். எந்த இயக்கத்தின் பெயரால் தீவுகள் ஒப்படைக்கப்பட்டனவோ, அந்த இயக்கத்தின் உறுப்பினர்களே பலியாயினர். 1945 ஆகஸ்டில், உணவுப் பற்றாக்குறையைத் தீர்க்கப் புதிய நிலத்தில் குடியேற்றுவதாகச் சொல்லி நூற்றுக்கணக்கானோர் கப்பலில் ஏற்றப்பட்டு, ஹேவ்லாக் தீவருகே கடலில் தள்ளப்பட்டனர். தப்பிப் பிழைத்தவர் மிகச் சிலர். கார் நிக்கோபாரிலும் நிக்கோபாரியர் பலர் ஒற்றர் எனக் குற்றம்சாட்டப்பட்டுக் கொல்லப்பட்டனர்.

எவ்வாறு மதிப்பிடுவது?

இவ்வரலாற்றை நோக்குவதில் இடதுசாரிகளுக்கு நேர்மை தேவை. 1942க்குப் பின் கம்யூனிஸ்ட் கட்சியின் ஏடு போசை ஜப்பானின் கைக்கூலியாகச் சித்திரித்தது. இழிவான கேலிச்சித்திரங்களையும் வெளியிட்டது. அம்மதிப்பீடு தவறு. அவருடைய நாட்டுப்பற்றை ஐயுற்றது தவறு என்று இடதுசாரித் தலைவர்கள் பிற்காலத்தில் வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டனர். ஆனால் ஜப்பானிய ராணுவவாதம் எவ்வகையிலும் விடுதலை சக்தி ஆகாது என்ற மதிப்பீடு சரியானது. ஹம்ஃப்ரிகஞ்சின் குழி அதற்குச் சான்று. இவ்விரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது வரலாற்றுக்கும் அந்த 44 பேருக்கும் இழைக்கும் அநீதி.

போசின் பிழை, அவர் ஏகாதிபத்தியத்தை எதிர்த்ததில் இல்லை. ஒரு ஏகாதிபத்தியத்தின் பகை மற்றோர் ஏகாதிபத்தியத்தை நட்பாக்கிவிடும் என்று கணக்கிட்டதில் இருந்தது. கூட்டாளியின் படைபலத்தில் நிற்கும் இறைமை, கூட்டாளி அனுமதிக்கும் எல்லையோடு நின்றுவிடும்.

கேட்கப்படாத மக்கள்

1945 அக்டோபரில் ஜப்பானியர் அதே ஜிம்கானா திடலில் சரணடைந்தனர். தண்டனைக் குடியேற்றம் ஒழிக்கப்பட்டது. 1947இல் பிரிட்டிஷ் படைத்தலைவர்கள் கடல், வான் தளங்களுக்காக இத்தீவுகளைத் தம்மிடமே வைத்துக்கொள்ள விரும்பினர். முஸ்லிம் லீக்கும் உரிமை கோரியது. முடிவில் அவை இந்தியாவுடன் சேர்ந்தன. இது சரியான முடிவே. ஆயினும் தீவு மக்களின் குரல் அப்போதும் கேட்கப்படவில்லை. 1952இல் அமைந்த முதல் மக்களவைக்கு ஜான் ரிச்சர்ட்சன் என்ற நிக்கோபாரி ஆயர் நியமன உறுப்பினராகவே சென்றார். தீவு மக்கள் தம் மக்களவை உறுப்பினரை முதன்முதலாகத் தேர்ந்தெடுத்தது 1967இல்தான். இன்றும் அங்கே சட்டமன்றம் இல்லை. ஒன்றிய அரசு நியமிக்கும் துணைநிலை ஆளுநரே ஆள்கிறார்.

அதிகாரம் பகிரப்படவில்லை. பெயர்கள் மட்டும் தாராளமாக வழங்கப்படுகின்றன. 2018 டிசம்பர் 30 அன்று, கொடியேற்றத்தின் 75ஆம் ஆண்டு நிறைவில், நீல் தீவு ஷஹீத் தீவாகவும் ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவாகவும் ராஸ் தீவு போசின் பெயரிலும் மாற்றப்பட்டன. 2024இல் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. காலனியப் பெயர்களை நீக்குவதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் 1943இல் கிடைத்ததும் பெயர்தான் என்பதை மறக்கலாகாது.

அதே காலத்தில் பெரிய நிக்கோபாரில் என்ன நடக்கிறது? 166 சதுர கிலோமீட்டர் பரப்பில் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம், விமான நிலையம், மின்நிலையம், நகரியம் ஆகியவற்றை அமைக்கும் திட்டத்துக்கு 2022இல் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. திட்ட மதிப்பு 72,000 கோடி ரூபாய் என்று அப்போது சொல்லப்பட்டது. இதற்காக 130 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட காடு ஒதுக்கப்பட்டது. அரசே நாடாளுமன்றத்தில் தந்த கணக்கின்படி வெட்டப்படக்கூடிய மரங்கள் 9.64 லட்சம். ஈடாகக் காடு வளர்க்கத் தெரிவான இடம் ஹரியானா. பெருங்கடலாமைகள் முட்டையிடும் கலத்தியா விரிகுடாவின் சரணாலய நிலை 2021இலேயே நீக்கப்பட்டது. 2011 கணக்கெடுப்பில் சுமார் 8,000 பேர் வாழ்ந்த தீவில் மூன்றரை லட்சம் பேரைக் குடியமர்த்துவது திட்டத்தின் இலக்கு. அதே கணக்கெடுப்பில் ஷோம்பென் மக்கள் 229 பேர். அவர்களுக்கு வெளிநோய்களை எதிர்க்கும் ஆற்றல் குறைவு. 625, 19 என்ற பெரும் அந்தமானியர் எண்ணிக்கையை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

2004 ஆழிப்பேரலையில் ஊர்களை இழந்து கேம்பல் பே அருகே குடியமர்த்தப்பட்ட நிக்கோபாரியர், தம் மூதாதையர் ஊர்களுக்குத் திரும்ப வேண்டுமென்று அன்றுமுதல் கேட்டு வருகின்றனர். அந்நிலங்களின் பகுதிகளும் திட்டத்துக்குள் அடங்குவதை அறிந்ததும், பழங்குடி மன்றம் தான் தந்திருந்த ஆட்சேபணையின்மைச் சான்றை 2022 நவம்பரில் திரும்பப் பெற்றது. 1956ஆம் ஆண்டுப் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறையும் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமும் புத்தகத்தில் இருக்கின்றன. பழங்குடி மன்றம் என்ற பெயரும் இருக்கிறது. மறுக்கும் அதிகாரம் மட்டும் இல்லை. லோகநாதனுக்குக் கல்வித் துறை தரப்பட்டதைப் போன்றதே இது.

திட்டத்துக்கு எதிரான கேள்விகளுக்குத் தரப்படும் விடை, போர்த்தந்திர முக்கியத்துவம் என்பதாகும். இந்தியக் குடியரசை ஜப்பானியக் கடற்படையோடு ஒப்பிடுவது பிழை. நாட்டின் பாதுகாப்புத் தேவைகளும் உண்மையானவை. ஆனால் 1943இல் ஒப்படைப்பை மறுக்கவும் 1947இல் தீவுகளைத் தக்கவைக்கவும் பயன்பட்டது இதே சொல் என்பதை வரலாறு காட்டுகிறது. கடற்படைத்தளம் வேண்டும் என்பதற்கும், வணிகத் துறைமுகமும் சுற்றுலா நகரமும் வேண்டும் என்பதற்கும் இடையே உள்ள தொலைவை அச்சொல்லால் மூடிவிட முடியாது.

வனுவாட்டு காட்டும் வழி

நியூ ஹெப்ரிடீஸ் இணையாட்சி 1980 ஜூலை 30 அன்று முடிந்தது. வனுவாட்டு என்னும் குடியரசு பிறந்தது. அம்மக்கள் பெயரை மாற்றியதோடு நிற்கவில்லை. நாட்டின் நிலம் முழுவதும் மரபுவழி உரிமையாளர்களுக்கும் அவர்தம் சந்ததியருக்கும் உரியது என்று அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதினர். இரண்டு கொடிகளின் கீழ் நாடற்றவராக இருந்தவர்கள், நிலத்தைத் திரும்பப் பெற்ற பின்னரே குடிமக்கள் ஆயினர்.

தோழர்களே, தீவுகளின் மக்கள்தொகையில் தமிழர்கள் கணிசமானவர்கள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிக் கச்சல் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் உழைத்தவர்களும் அவர்களுள் அடங்குவர். நிலமற்ற அவ்வுழைப்பாளர்களையும் நிலம் பறிபோகும் பழங்குடிகளையும் எதிரெதிரே நிறுத்துவது ஆள்வோருக்கு எளிது. இருவரையும் ஒரே அணியில் சேர்ப்பது கட்சியின் கடமை. தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றம், வன உரிமைச் சட்டத்தின் முழு அமலாக்கம், மூதாதையர் ஊர்களுக்குத் திரும்பும் உரிமை, பழங்குடி மன்றத்தின் ஒப்புதலின்றி எத்திட்டமும் இல்லை என்ற உறுதி ஆகிய கோரிக்கைகளை ஒன்றாக எழுப்ப வேண்டும்.

ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேரின் நினைவிடம் இருக்கிறது. ஜனவரி 30 அன்று காந்தியடிகளை நினைவுகூரும் கிளைகள், அந்நாளில் அவர்களையும் நினைவுகூரட்டும். தங்கள் கொடி பறந்த மண்ணிலேயே கொல்லப்பட்ட அவர்களின் கதையை, கொடியோடு அதிகாரமும் மக்கள் கைக்கு வர வேண்டும் என்ற கோரிக்கையோடு சேர்த்தே சொல்லட்டும்.